‘நாளைக்கு வா’ என்பதும் கதவடைப்புதான்

(லெம்பா பெர்த்தாமில் தேயிலைத் தோட்டக் குடும்பங்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வாரத்தில் கிடைப்பது ஒரு நாள் ஓய்வு. துணி துவைக்க வேண்டும், ரிங்லெட்டுக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும். அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, இந்தக் குளிரில் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்கமாட்டேன். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வேலை நிறுத்தம் என்றால் எல்லாருக்கும் தெரியும். தொழிலாளி கையைக் கட்டிக்கொண்டு ‘செய்யமாட்டேன்’ என்கிறான். அதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. முதலாளி கதவைச் சாத்திக்கொண்டு ‘செய்ய விடமாட்டேன்’ என்கிறார். அதற்குப் பெயர் கதவடைப்பு. கூலி உயர்வு கேட்டீர்களா, பறிக்க வேண்டிய கொழுந்தின் எடையைக் கூட்டியது ஏன் என்று கேட்டீர்களா, சங்கத்தில் சேர்ந்தீர்களா? சரி, நான் சொல்வதை ஒப்புக்கொள்ளும்வரை வேலை கிடையாது என்பதுதான் கதவடைப்பு.

ஆனால் யாரும் உங்கள் முன்னால் வந்து ‘நான் கதவடைப்புச் செய்கிறேன்’ என்று சொல்லமாட்டார்கள். காலையில் பெரட்டுக்குப் போவீர்கள். மண்டோர் பெயர் கூப்பிடமாட்டார். ‘இன்றைக்கு வேலை இல்லை, வீட்டுக்குப் போ, நாளைக்கு வா’ என்பார். நாளைக்குப் போனால் மறுபடியும் நாளைக்கு. மூன்றாம் நாள் அலுவலகச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: மறு அறிவிப்பு வரும்வரை வேலை நிறுத்திவைக்கப்படுகிறது. அவ்வளவுதான். பூட்டும் இல்லை, சங்கிலியும் இல்லை. ஆனாலும் அது கதவடைப்பாக இருக்கலாம். இன்று நான் சொல்ல வந்ததெல்லாம் இதைப் பற்றித்தான்.

தோட்டத்தில் கதவு என்றால் எது?

பட்டணத்தில் தொழிற்சாலைக் கதவை மூடினால் தொழிலாளிக்குக் கூலி நின்றுபோகும். வாடகை வீட்டுக்குத் திரும்புவான். கடன் வாங்குவான், வேறு வேலை தேடுவான். கஷ்டம்தான், ஆனாலும் அவன் வீட்டுச் சாவி அவன் சட்டைப் பையில் இருக்கும்.

தோட்டத்தில் அப்படியா? வேலை கொடுப்பவரும் வீடு கொடுப்பவரும் ஒருவரே. லயத்துக்கு வரும் தண்ணீர்க் குழாயும் மின்சாரக் கம்பியும் அவர் நிலத்தில் வருகின்றன. பள்ளிக்கூட வேன் நிற்கும் சாலை அவருடையது. கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டிலிருந்து தேயிலை பயிராகிறது. எத்தனையோ குடும்பங்கள் மூன்று தலைமுறை, நான்கு தலைமுறையாக இந்த மலையில் கொழுந்து பறித்தும், சொந்தமாக ஒரு கதவு இல்லாமல் இருக்கின்றன. அதனால் தோட்டத்தில் ஒரு கதவை மூடினால் எல்லாக் கதவும் சேர்ந்து ஆடுகிறது.

லெம்பா பெர்த்தாம் மக்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. 2013 அக்டோபரில் நள்ளிரவில் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டபோது இந்தப் பள்ளத்தாக்கில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். உயிர்கள் போயின, வீடுகள் போயின. கதவைத் திறப்பதும் மூடுவதும் யாரோ ஒருவர் கையில் இருந்தால், கீழே குடியிருப்பவனுக்குத் தூக்கம் ஏது? அணைக்கதவு திறந்ததால் வந்தது அந்தத் துன்பம். வேலைக்கதவு மூடுவதால் வருவது இந்தத் துன்பம். இது சத்தம் போடாமல் வரும்.

ஒரு தேயிலைத் தோட்டத்தின் கதை

மேற்கு வங்காளத்தில் இமயமலை அடிவாரத்தில் டூவர்ஸ் என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. முழுக்கத் தேயிலை. அங்கே நவேரா நடி என்று ஒரு தோட்டம். டாட்டா டீ நிறுவனம் பெரும் பங்கு வைத்திருந்த ஒரு கம்பெனி அதை நடத்தியது. டெட்லி தேநீர் கடைகளில் பார்த்திருப்பீர்கள், அதே டாட்டா டீதான்.

2009 ஆகஸ்ட் மாதம் அங்கே எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் கொழுந்து பறிக்கும்போது மயங்கி விழுந்தார். பிரசவ விடுமுறை கேட்டும் கொடுக்கவில்லை, தோட்ட மருத்துவமனையிலும் சரியாகக் கவனிக்கவில்லை என்று தொழிலாளர்கள் கொதித்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் திரண்டு மருத்துவமனை முன்னால் நின்றார்கள். தொழிலாளர்கள் மருத்துவரையும் அதிகாரிகளையும் மிரட்டினார்கள் என்றது நிர்வாகம். அப்படி இல்லை என்றார்கள் தொழிலாளர்கள். அடுத்து என்ன நடந்தது? நிர்வாகம் தோட்டத்தை விட்டு வெளியேறியது. வேலை நின்றது.

இரண்டு வாரம் கழித்துத் திறந்தார்கள். எட்டுத் தொழிலாளர்களை வேலையிலிருந்து தற்காலிகமாக நீக்கினார்கள். மற்றவர்கள் அதை ஏற்கவில்லை. செப்டம்பரில் மறுபடியும் கதவடைப்பு. டிசம்பர் வரை நீடித்தது. ஏறக்குறைய ஆயிரம் தொழிலாளர்கள். அவர்கள் குடும்பங்களையும் சேர்த்தால் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வயிறுகள். கூலி மட்டும் நிற்கவில்லை, தோட்டம் கொடுத்துவந்த ரேஷனும் நின்றது.

கொஞ்சம் யோசியுங்கள். எட்டுப் பேரைப் பிடிக்காத நிர்வாகம் ஆறாயிரம் பேரைப் பட்டினி போட்டது ஏன்? அந்த எட்டுப் பேரை மற்றவர்களே கைவிட வேண்டும் என்பதற்காக. கதவடைப்பு நம்மில் ஒருவரை இன்னொருவருக்கு எதிராகத் திருப்புகிறது. ‘அவனால்தானே என் பிள்ளை பட்டினி’ என்று பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்ல வைக்கிறது. வெளியே இருக்கும் பூட்டைவிட இந்தப் பேச்சுத்தான் ஆபத்தானது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டம் இருக்கிறது. கதவடைப்பு என்றால் என்ன என்று அதில் எழுதியிருக்கிறது. வேலையிடத்தை மூடுவது ஒன்று. வேலையை நிறுத்திவைப்பது இரண்டு. தொழிலாளர்களைத் தொடர்ந்து வேலைக்கு வைத்துக்கொள்ள மறுப்பது மூன்று. ஒரு தொழில் தகராறில் தன் நிபந்தனைகளை ஒப்புக்கொள்ள வைப்பதற்காக முதலாளி இந்த மூன்றில் எதைச் செய்தாலும் அது கதவடைப்பு. பூட்டுப் போட வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. ‘நாளைக்கு வா’ என்று சொல்லிச் சொல்லி வேலையை நிறுத்திவைத்தாலும், உங்களைப் பணிய வைப்பதுதான் நோக்கம் என்றால், அதுவும் கதவடைப்புதான்.

சரி, முதலாளி நினைத்தபோதெல்லாம் இதைச் செய்யலாமா? முடியாது. தகராறு தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டு, அந்த அறிவிப்பு இரு தரப்புக்கும் வந்துவிட்டால், அதன்பிறகு கதவடைப்புக்குத் தடை. நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட கூட்டு ஒப்பந்தம் நடப்பில் இருந்தால், அதில் பேசி முடித்த விஷயத்துக்காகக் கதவடைப்புச் செய்யவும் தடை. இதே தடை வேலை நிறுத்தத்துக்கும் உண்டு. நாமும் நினைத்தபோது வேலை நிறுத்தம் செய்ய முடியாது. சங்கம் வேண்டும், இரகசிய வாக்கெடுப்பு வேண்டும். ஆத்திரத்தில் நாலு பேர் கத்தியைக் கீழே போட்டால், ‘இது சட்டவிரோத வேலை நிறுத்தம்’ என்று சொல்ல நாமே நிர்வாகத்துக்கு வாய்ப்புக் கொடுத்துவிடுகிறோம்.

இரண்டு தரப்புக்கும் ஒரே சட்டம், நியாயம்தானே என்று தோன்றும். நானும் சட்டக் கல்லூரியில் அப்படித்தான் படித்தேன். பிறகு தோட்டங்களுக்குப் போனபோது புரிந்தது. கதவு மூடிய நாளிலிருந்து கம்பெனி தன் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும். நீங்கள் அரிசி டின்னைப் பார்ப்பீர்கள். கணக்குப் புத்தகம் ஆறு மாதம் தாங்கும். அரிசி டின் ஆறு நாள் தாங்குமா? தராசு ஒன்றுதான். ஆனால் ஒரு தட்டில் பணம் இருக்கிறது, மறு தட்டில் பசி இருக்கிறது.

அதனால்தான் தோட்டத் தொழிலாளிக்குச் சட்டத்தில் இருக்கும் சில சின்னச் சின்னப் பிடிகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்று எண்களைச் சொல்கிறேன். பிள்ளைகளே, நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 24, 2, 60.

முதலாவது 24. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. தோட்டத்தில் வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டுக் கூலி வாங்கும் தொழிலாளிக்கு, மாதத்தில் குறைந்தது 24 நாள் வேலை கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. கொடுக்க முடியாவிட்டால் அந்த நாட்களுக்கும் கூலி கொடுக்க வேண்டும். ‘வேலை இல்லை, அதனால் கூலி இல்லை’ என்று மண்டோர் சொன்னால், ‘24 நாள் கணக்கு என்னாச்சு?’ என்று கேளுங்கள்.

இரண்டாவது 2. அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு. அனுமதி இல்லாமலும் தகுந்த காரணம் இல்லாமலும் தொடர்ந்து இரண்டு வேலை நாட்களுக்கு மேல் ஒரு தொழிலாளி வராவிட்டால், அவரே ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டதாகச் சட்டம் கருதலாம். பொறி எங்கே இருக்கிறது தெரிகிறதா? வாய்மொழியாக ‘வீட்டுக்குப் போ, கூப்பிடுகிறோம்’ என்பார்கள். நீங்கள் நம்பி வீட்டில் இருப்பீர்கள். செக்ரோலில் ‘வரவில்லை’ என்று எழுதுவார்கள். கதவைச் சாத்தியவர் அவர், ஓடிப்போனவர் நீங்கள் என்று ஆகிவிடும்.

ஆகவே, ‘வேலை இல்லை’ என்று யார் சொன்னாலும், எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுத்து வரும்வரை தினமும் காலையில் பெரட்டுக்குப் போய் நில்லுங்கள். தனியாகப் போகாதீர்கள், கூட்டமாகப் போங்கள். சண்டை வேண்டாம், கூச்சல் வேண்டாம். நின்றதைக் கைப்பேசியில் படம் எடுங்கள். தேதி, நேரம், யார் என்ன சொன்னார் என்று நோட்டில் எழுதுங்கள்.

மூன்றாவது 60. இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வருகிறது.

எழுபத்தோராம் நாள் வந்த அம்மா

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். எடைக் கணக்கில் தகராறு. நிர்வாகம் ஒரு பிரிவுக்கு மட்டும் வேலையை நிறுத்தியது. ‘பேசிக்கொண்டிருக்கிறோம், பொறுங்கள்’ என்றார்கள். அதற்கிடையே ஒவ்வொருவருக்கும் மலாயில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். அந்த அம்மாவுக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. கிராணியிடம் கேட்டார். ‘ஒன்றுமில்லை அம்மா, வேலை தொடங்கியதும் கூப்பிடுவோம்’ என்றார். கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்துவிட்டுக் காத்திருந்தார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட, காதில் கிடந்த தோட்டை அடகு வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

ஒருநாள் அந்தக் கடிதத்தோடு என் அலுவலகத்துக்கு வந்தார். பிரித்துப் பார்த்தேன். வேலை நீக்கக் கடிதம். கடிதத்தில் இருந்த தேதியிலிருந்து எண்ணினேன். திரும்ப எண்ணினேன். எழுபத்தொரு நாள் ஆகியிருந்தது.

நியாயமில்லாமல் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர், நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. 61ஆம் நாள் போனால் கதவு மூடிவிடும். ஏழை, எழுதப் படிக்கத் தெரியாதவர், ஏமாற்றப்பட்டார் என்பதற்காக அந்தக் கெடுவை நீட்டிக்க வழியில்லை. இருபத்திரண்டு ஆண்டு உழைத்த அந்த அம்மாவிடம், ‘பதினொரு நாள் பிந்திவிட்டீர்கள்’ என்று சொல்ல வேண்டிய வேலை எனக்கு. அவர் அழவில்லை. ‘நாளைக்கு, நாளைக்குன்னு சொன்னாங்களேப்பா’ என்றார். இன்றும் அது என் காதில் இருக்கிறது.

கதவடைப்பில் முதலாளியின் பெரிய ஆயுதம் பூட்டு என்று நினைக்காதீர்கள். ‘நாளைக்கு’ என்ற சொல்தான். அவர்கள் நாளைக் கடத்துகிறார்கள். நாம் நாளை எண்ண வேண்டும்.

60 நாட்களுக்குள் முறையிட்டால், இலாகா இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசும். சமரசம் ஆகாவிட்டால், 2021 ஜனவரியிலிருந்து, அமைச்சரின் முடிவுக்குக் காத்திருக்காமல் தலைமை இயக்குநரே வழக்கைத் தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார். முறையிடக் கட்டணம் கிடையாது. சங்கத்தில் இல்லாதவரும் முறையிடலாம்.

இன்னொன்று. ‘தோட்டத்தை நிரந்தரமாக மூடுகிறோம்’ என்றால் அது வேறு விஷயம். அப்போது ஆட்குறைப்பு நஷ்டஈடு உண்டு. ஓராண்டாவது தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் என்றால் ஆண்டுக்கு 10 நாள் கூலி, இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 15 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 20 நாள். 1980ஆம் ஆண்டு விதிமுறை இது. அதனால் ‘தற்காலிகமா, நிரந்தரமா?’ என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் உங்களைத் தொங்கவிடுவதில்தான் சிலருக்கு இலாபம்.

நூறு ஆண்டுக்கு முந்திய பாடம்

சங்கம் வைக்கும் உரிமை நமக்குச் சும்மா கிடைத்தது அல்ல. சென்னையில் பெரம்பூர் பக்கம் பக்கிங்ஹாம், கர்நாடிக் என்று இரண்டு பெரிய துணி ஆலைகள். பின்னி ஆலை என்பார்கள். 1918 ஏப்ரலில் அந்தத் தொழிலாளர்களை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் அதில் முன் நின்றார்கள்.

1920 இறுதியில் பின்னி நிர்வாகம் கதவடைத்தது. அத்தோடு விடவில்லை. ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, தடையுத்தரவு வாங்கியது, நஷ்டஈடும் கேட்டது. அன்றைக்குத் தொழிற்சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை. கடைசியில் வாடியா ஒதுங்க வேண்டியதாயிற்று. அந்த வழக்கு எழுப்பிய அதிர்ச்சியில்தான் சங்கங்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்ற குரல் வலுத்தது. என்.எம்.ஜோஷி 1921இல் அதைச் சட்டமன்றத்தில் எழுப்பினார். 1926இல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. ஒரு கதவடைப்பில் தோற்றவர்கள், தங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு ஒரு சட்டத்தை விட்டுச்சென்றார்கள்.

ஆனால் கதையின் மறுபாதியை நாம் மேடைகளில் சொல்வதில்லை. 1921இல் அதே ஆலைகளில் மாதக்கணக்கில் வேலை நிறுத்தம். அதில் தொழிலாளர்கள் சாதியால் பிளந்தார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். மற்றவர்கள் வெளியே நின்றார்கள். புளியந்தோப்பில் தொழிலாளி தொழிலாளியின் குடிசையைக் கொளுத்தினான். போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அக்டோபரில் வேலை நிறுத்தம் தோற்றது. ‘ஏன் உள்ளே போனீர்கள்?’ என்று அந்த மக்களை ஏசுவது சுலபம். அதற்கு முன்னால் அவர்களைத் தெருவிலும் கிணற்றிலும் ஒதுக்கிவைத்தது யார் என்று கேட்டால்தான் பாடம் விளங்கும். நாம் ஒதுக்கிவைத்தவரை முதலாளி கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொள்கிறார்.

இதை ஏன் லெம்பா பெர்த்தாமில் சொல்கிறேன்? சுற்றிலும் பாருங்கள். இன்று நம்மோடு வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் வேலை செய்கிறார்கள். ‘இவர்கள் வந்ததால்தான் நமக்குக் கூலி ஏறவில்லை’ என்று நம்மவர்களே பேசுவதைக் கேட்கிறேன். உரிமை இயக்கத்தில் இருப்பவர்களும் பேசுகிறார்கள். எனக்குச் சங்கடமாக இருக்கிறது. நம் தாத்தா பாட்டியைக் கப்பலில் ஏற்றி வந்தபோது, அவர்களைப் பற்றியும் இப்படித்தானே பேசியிருப்பார்கள்? அந்தப் பையனுடைய பெர்மிட் முதலாளி பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. அவனுக்குக் கதவு மூடினால் வேலை மட்டும் போகாது, நாட்டில் இருக்கும் உரிமையும் போகும். பயந்தவனை வைத்துத்தான் நம் வேலையை நிரப்புவார்கள். நியாயமில்லாத வேலை நீக்கத்தை எதிர்த்து முறையிடும் உரிமை அவனுக்கும் உண்டு. அவனிடம் அதைச் சொல்லுங்கள். தீபாவளிக்கு ஒரு தட்டுப் பலகாரம் கொடுத்து, அவன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கதவு மூடும் நாளில் அவன் எந்தப் பக்கம் நிற்பான் என்பது, கதவு திறந்திருக்கும் நாளில் நாம் அவனை எப்படி நடத்துகிறோம் என்பதில் இருக்கிறது.

இன்று வீட்டுக்குப் போனதும்

போனதும் ஒரு பிஸ்கட் டின்னைத் தேடுங்கள். சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், இ.பி.எப். அறிக்கை, சொக்சோ அட்டை, நிர்வாகம் கொடுத்த ஒவ்வொரு கடிதம், எல்லாவற்றையும் அதில் போடுங்கள். கைப்பேசியில் படமும் எடுத்துப் பிள்ளைக்கு அனுப்பிவையுங்கள்.

புரியாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ‘பிறகு நிரப்பிக்கொள்கிறோம்’ என்னும் வெற்றுத் தாளில் அறவே வேண்டாம். கடிதம் வந்தால் சாமி படத்துக்குப் பின்னால் வைக்காதீர்கள். அன்றைக்கே படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். உறையின் மேல், அது வந்த தேதியை எழுதுங்கள்.

வீட்டைக் காலி செய் என்று வாய்மொழியாகச் சொன்னால் அவசரப்பட்டுச் சாமானைக் கட்டாதீர்கள். எழுத்தில் கேளுங்கள். வந்த எழுத்தை அன்றைக்கே ஒரு வழக்கறிஞரிடம் அல்லது வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திடம் கொண்டுபோங்கள்.

சங்கத்தில் சேருங்கள். சங்கம் தூங்குகிறதா? உள்ளே போய் எழுப்புங்கள், வெளியே நின்று திட்டாதீர்கள். நியாயமில்லாத வேலை நீக்கத்துக்குத் தனி ஆள் முறையிடலாம். ஆனால் கூலித் தகராறை, எடைத் தகராறை, ஒரு தொழில் தகராறாகத் தொழிலியல் உறவு இலாகாவுக்குக் கொண்டுபோகச் சங்கம் வேண்டும். அந்தத் தகராறு நீதிமன்றப் படியேறிய பிறகுதான் கதவடைப்புக்குத் தடை விழும். ஆக, முதலாளியின் பூட்டுக்குச் சாவி சங்கத்தின் கையில்தான் இருக்கிறது.

கடைசியாக, லயத்துக்கு லயம் ஒரு அரிசிப் பானை வையுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மாதம் ஒரு வீட்டுக்கு இரண்டு மூன்று ரிங்கிட் போட்டால் போதும். கதவு மூடும் நாளில், முதல் வாரம் யார் வீட்டு அடுப்பும் அணையாமல் இருந்தால், ‘அவனால்தானே’ என்ற பேச்சு வராது. அந்தப் பேச்சு வராவிட்டால் பாதிக் கதவடைப்பு அங்கேயே தோற்றுவிடும்.

எழுபத்தோராம் நாள் வந்த அந்த அம்மாவுக்கு என்னால் வேலை வாங்கித் தர முடியவில்லை. அவர் போகும்போது ஒன்று சொன்னார்: ‘மத்தவங்களுக்காவது முன்னாடியே சொல்லிடுப்பா.’ அதற்காகத்தான் வந்தேன். சொல்லிவிட்டேன். இனி நீங்கள் இன்னும் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

24, 2, 60. பிள்ளைகளே, நோட்டை மூடுமுன் அப்பா அம்மாவிடம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.